அண்ணியும் ஆழமில்லாத குழிகளும்

எங்கள் அண்ணிக்குத் தொழிற்சாலையில் ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கேண்டீனில் போய் “நிதானம் மேடம் வந்தாச்சா?” என்று கேட்டால் யாரைக் கேட்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பட்டாசு. இதை மட்டும் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். மூக்குக்கு மேல் கோபம் வருகிறதாம் எனக்கு. வருகிறதுதான். நான் என்ன கல்லா மண்ணா, வராமல் இருக்க?

அண்ணி என் அண்ணனின் மனைவி. அவர்கள் கீழ் வீட்டில், நான் மாடியில். மூன்று பேருக்கும் வேலை ஒரே தொழிற்சாலையில். ‘நிதானமும் பட்டாசும் ஒரே கூரைக்குக் கீழே எப்படிக் குப்பை கொட்டுகிறீர்கள்?’ என்று கேட்காதவர்கள் கிடையாது. சண்டை போட இரண்டு ஆள் வேண்டாமா? நான் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தால் சண்டை எங்கிருந்து வரும்?

நாங்கள் செய்வது சிலிக்கான் சில்லுகள். உள்ளங்கை அகலம், கண்ணாடி மாதிரி பளபளப்பு, கை தவறினால் சுக்குநூறு. சுத்தமான சிலிக்கானில் மின்சாரம் லேசில் ஓடாது. அதனால் வேற்று அணுக்கள் கொஞ்சமே கொஞ்சம் உள்ளே ஊறும்படி அதை உலையில் வைப்பார்கள். கலப்பு உலை என்று பெயர். அந்த உலைக்குத் தலைமை ஆள் என் அண்ணன். உலைக்குப் போகும் முன் சில்லைக் கழுவிக் கொடுப்பது என் பிரிவு. உலையிலிருந்து வந்தபின், வேண்டிய கலப்போடு வேண்டாதது ஏதாவது உள்ளே நுழைந்துவிட்டதா என்று அளந்து சொல்வது அண்ணி. ஆக, எங்கள் குடும்பத்தைத் தாண்டாமல் ஒரு சில்லும் அந்த வாசலைத் தாண்டாது.

அண்ணி தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கேட்டால், “என்னத்தைச் சொல்ல, பிறந்தேன், வளர்ந்தேன்” என்பார். நானாகத் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர், என்றைக்கு வீட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அண்ணி வளர்ந்தது சித்தி வீட்டில். ஏழு பிள்ளைகள், ஒரே ஒரு குளியலறை. எந்தப் பிள்ளை கதவைத் தட்டுகிறதோ அதற்குக் கடைசி இடம். அது சித்தியின் சட்டம். அண்ணி தட்டியதே இல்லையாம். “அதனாலதான் நீங்க இப்படி ஆயிட்டீங்க” என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். “அதெல்லாம் இல்ல, எனக்கு அப்பவே காலையில தூக்கம் பிடிக்கும்” என்பார்.

இயற்பியல் படித்தார். படிப்பு முடிந்ததும் எங்கள் தொழிற்சாலையின் அளவு அறையில் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது அங்கே இருந்த பெரியவர் ஓய்வு பெற்றுப் போனதும் அறையே அண்ணி பொறுப்பில் வந்தது. அறை என்றால் ஏதோ மண்டபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு திரை, ஒரு குளிரூட்டும் இயந்திரம், ஒரு நாற்காலி, கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரைச்சீலை. இரண்டாவது ஆள் வந்தால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

அங்கே என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். நான் கேட்ட நேரம் சாப்பாட்டு இடைவேளை முடிய இருந்தது. அண்ணி பாட்டுக்கு முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

“நாம போடுற கலப்பு ஆகட்டும், தெரியாம நுழையுற அழுக்கு ஆகட்டும், ஒவ்வொரு அணுவும் எலக்ட்ரானுக்கு ஒரு குழி மாதிரி. சில குழி கிணறு. விழுந்தா ஏறி வர ஏகப்பட்ட சூடு வேணும். சில குழிக்கு ஆழமே கிடையாது. சும்மா வாசப்படியில உட்கார்ந்த மாதிரிதான். கொஞ்சம் சூடு பட்டா எழுந்து போயிடும்.”

“அப்ப அதனால என்ன தொல்லை? அதான் எழுந்து போயிடுதே.”

“இந்த அறைச் சூட்டுல ஒரு தொல்லையும் இல்ல. கடுங்குளிர்ல வை, அப்ப தெரியும். எழுந்திருக்கத் தெம்பில்லாம அங்கங்கே உட்கார்ந்துடும்.”

வேலை இதுதான். சில்லிலிருந்து வெட்டிய ஒரு துண்டை, சின்ன ஜன்னல் வைத்த உலோகக் குடுவைக்குள் பொருத்துவார். காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு ஹீலியம் இயந்திரத்தால் குளிர வைப்பார். அந்த இயந்திரம் டொக், டொக் என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். எந்தப் பனிமலையிலும் இல்லாத குளிர் வந்த பிறகு, ஜன்னல் வழியே ஒரு குட்டி விளக்கைக் காட்டுவார். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி ஓடிப்போய்க் குழிகளில் விழும். விளக்கை அணைத்துவிடுவார். அறையும் கும்மிருட்டு. பிறகு சூட்டை ஒரே சீராக, ஆமை வேகத்தில் ஏற்றுவார். ஒவ்வொரு குழியும் தனக்கென்று ஒரு சூட்டில்தான் ஆளை விடும். விடுகிற நேரத்தில் மின்னோட்டம் லேசாக ஏறி இறங்கும். திரையில் ஊர்ந்துபோகும் கோட்டில் ஒரு மேடு எழும்பும். அந்த மேடு எங்கே வருகிறது என்று பார்த்தால், உள்ளே உட்கார்ந்திருக்கும் அணு எது என்று சொல்லிவிடலாம்.

“கொஞ்சம் வேகமா சூடு ஏத்தினா சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பலாமே அண்ணி?”

“ஏத்தலாம். மேடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். எது எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.”

அண்ணன் அந்த அறைக்குள் முதல் தடவை நுழைந்ததே தப்பான நேரத்தில். தன் உலைச் சில்லு தேறியதா என்று கேட்கப் போனவன், கதவையும் திரைச்சீலையையும் ஒரே இழுப்பில் திறந்துவிட்டான். வெளிச்சம் பாய்ந்து அன்றைய வேலை அத்தனையும் பாழ். நானாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். அண்ணி, “உள்ள வந்து கதவைச் சாத்துங்க. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். முடியுற வரைக்கும் இனிமே திறக்க முடியாது” என்றாராம். உள்ளே மாட்டிக்கொண்டவன் சாயங்காலம்தான் வெளியே வந்தான். வந்தவன் நேரே என்னிடம் வந்தான்.

“அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை திட்டல” என்றான்.

“அதுக்கென்ன இப்ப?”

“பயமா இருக்கு.”

பயந்தவன் ஒதுங்கி இருக்க வேண்டியதுதானே? தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போனான். கடைசியில் கல்யாணத்தில் வந்து நின்றது. இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, இப்போது வெளியூரில் தங்கிப் படிக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாயங்காலம் வீடு திரும்பியதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவன் அன்றைக்கு உலையில் நடந்ததைச் சொல்வான். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். பார்க்கிறவர்களுக்கு அலுத்துப்போகும், அவர்களுக்கு அலுக்காது.

போன வருஷம் வந்ததுதான் சோதனை.

புதிதாக ஒரு நிறுவனம் எங்களிடம் சில்லு கேட்டது. கடுங்குளிரில் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத வெப்ப வெளிச்சத்தைப் பார்க்கிற கருவிகளுக்கு. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கலப்பு உலை பழசு. இந்தச் சில்லுகள் தேறினால் உலை இருக்கும். தேறாவிட்டால் கழற்றிவிட்டு, அண்ணனையும் அவனுக்குக் கீழே வேலை செய்யும் நான்கு பேரையும் தூரத்தில் இருக்கும் வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்கள். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. எதையும் பூசி மெழுகிக் காலத்தைத் தள்ளிவிடலாம் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

முதல் தொகுப்பு உலையிலிருந்து வந்தது. அண்ணி குளிர வைத்தார், விளக்குக் காட்டினார், அணைத்தார், சூடு ஏற்றினார். வழக்கமான மேடு வருவதற்கு முன்பே, கடுங்குளிர் பக்கத்தில், இருக்கக் கூடாத ஒரு மேடு எழுந்து நின்றது. ஆழமில்லாத குழி.

பழி முதலில் யார் தலையில் விழும்? கழுவுகிறவள் தலையில்தான். மேலாளர் என் பிரிவுக்கே வந்துவிட்டார்.

“கழுவுறதுல ஏதோ விட்டுப்போச்சு போலிருக்கேம்மா.”

“என்ன சார் விட்டுப்போச்சு? எந்தத் தொட்டியில விட்டுப்போச்சுன்னு காட்டுங்க. வாங்க, வந்து காட்டுங்க!”

பாவம், அவர் நான்கு அடி பின்னால் போனார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தொட்டியெல்லாம் கொட்டிக் கவிழ்த்து, புது அமிலம், புதுத் தண்ணீர் வைத்து, அடுத்த தொகுப்பை என் கையாலேயே கழுவினேன். உலைக்குப் போனது, வந்தது. மேடு அதே இடத்தில், அதே உயரத்தில். அழுக்கு மேலே ஒட்டியிருந்தால்தானே கழுவினால் போகும்? இது உள்ளே ஊறியிருந்தது. அண்ணி மேலாளரிடம் போய், “கழுவுறதுல தப்பில்ல சார், உலைக்குள்ளதான் நுழையுது” என்று சொல்லிவிட்டார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே, ‘ஐயையோ, அப்படியென்றால் அண்ணன்?’ என்று உறைத்தது.

அன்று சாயங்காலம் நானும் கீழ் வீட்டில்தான் சாப்பிட்டேன். அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மேடு வர்ற இடத்தைப் பார்த்தா லித்தியம்தாங்க. அது சூட்டுல சிலிக்கானுக்குள்ள சல்லுன்னு ஓடிடும். உங்க உலைப் பக்கம் லித்தியம் எதுலயாவது இருக்கா?”

அண்ணனின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. பிறகு போனது.

“எனக்குத் தெரிஞ்சு இல்லையே” என்றான்.

அண்ணி சரி என்று தலையாட்டினார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பசி.

மறுநாள் மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் நாங்கள் திரவ நைட்ரஜனில்தான் குளிர வைத்து அளப்போம். அதுவும் குளிர்தான், ஆனால் ஹீலியம் குளிரோடு பார்த்தால் வெயில் காலம். “அங்கேருந்தே ஆரம்பிச்சு அளந்து கொடுத்துடுங்களேன் மேடம். அந்தச் சூட்டுல இந்த மேடு வர்றதில்லையே. நாம பொய் ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

“அந்தச் சூட்டுல அந்தக் குழி ஏற்கனவே காலியா இருக்கும் சார். காலிக் குழியைப் பார்த்துட்டு, குழியே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?”

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போனார். விஷயம் அதோடு முடியவில்லை. சாயங்காலம் வீட்டில் அண்ணனும் அதையே ஆரம்பித்தான். “அவர் சொல்ற மாதிரி நைட்ரஜன்லேருந்தே செஞ்சுடேன்மா. பழைய வழக்கம்தானே” என்றான். அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. என் அண்ணன் அரைகுறை வேலைக்குச் சம்மதிக்கிறவன் இல்லை. சில்லு நிற்கிற படகில், சில்லுகளை உலைக்குள் கொண்டுபோகும் குவார்ட்ஸ் தட்டு அது, ஒரு விரல் ரேகை தெரிந்தாலும் திருப்பி அனுப்புகிறவன் அவன்.

அடுத்த நாள் அண்ணி என்னைத் தேடிக்கொண்டு கழுவும் பிரிவுக்கு வந்தார். அமில நெடி ஆகாது என்று அந்தப் பக்கமே வராதவர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“என்கிட்டயா? உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா அண்ணி?”

“கிடைக்கல. எனக்குன்னு இங்க இருக்கிறது நீதான்.”

இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

உலை அறைக்கும் அளவு அறைக்கும் நடுவே ஒரே சுவர். சில்லு நிற்கும் படகை உலைக் குழாய்க்குள் மெல்ல மெல்லத் தள்ளுவது ஒரு திருகுத் தண்டு. சில மாதமாக அது கீச், கீச் என்று கத்த ஆரம்பித்திருந்தது. அண்ணி அளக்கும் மின்னோட்டம் இம்மியளவு. சுவர் அதிர்ந்தால் கம்பி அதிரும், கம்பி அதிர்ந்தால் திரையில் ஓடும் கோடு முழுக்க முடி முளைத்தாற்போல் ஆகிவிடும். ஒருநாள் சாப்பிடும்போது அண்ணி அதைச் சும்மா சொல்லியிருக்கிறார். ‘உங்க தண்டு அழுதுக்கிட்டே இருக்குங்க, என் கோட்டைப் பார்க்கவே சகிக்கல’ என்று. மறுநாளே சத்தம் நின்றுவிட்டது.

“என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். தானா சரியாயிடுச்சுன்னார். எந்தத் தண்டு தானா சரியாகும்?” என்றார் அண்ணி. “உலைத் தண்டுக்குன்னு தனியா ஒரு கிரீஸ் உண்டு. அதுக்கு எழுதிப் போட்டா வந்து சேர மாசக்கணக்காகும். நம்ம வீட்டுல பைக் பெட்டியில ஒரு சின்ன டப்பா இருக்கு பாரு, மெக்கானிக் கொடுத்தது. அதுல லித்தியம் கிரீஸ்னே போட்டிருக்கு. குழாய் வாய்ச் சூட்டுல அது ஆவியாகி உள்ள போகுது.”

அனுமதி இல்லாத பொருளை உலை அறைக்குள் கொண்டுபோனால் ஆளை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. அண்ணனுக்கா தெரியாது?

“உங்க தலைவலி தீரணும்னு போட்டிருக்கான் முட்டாள்” என்றேன்.

“ஆமா. எனக்காகத்தான் போட்டிருக்கார்.”

“அப்ப நேரா கேட்டுடுங்களேன்!”

“கேட்டா ஆமான்னுடுவார். அது நான் பிடுங்கினதாத்தான் ஆகும், அவர் சொன்னதா ஆகாது. ஒரு தடவை லித்தியம் இருக்கான்னு கேட்டாச்சு. அப்பவே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. மேலாளர் வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டிருக்கார். அதுவரைக்கும் நேரம் இருக்கு.”

“அங்கேயும் அவன் வாயைத் திறக்கலைன்னா?”

“நான் எழுந்து சொல்லிடுவேன். சொல்லலைன்னா உலை பழசுன்னு நினைச்சு மூடிடுவாங்க. அந்த நாலு பேர் என்ன பாவம் பண்ணாங்க?” என்றார் அண்ணி. “அவரை நானே காட்டிக்கொடுத்துட்டு, அன்னிக்குச் சாயங்காலம் அதே வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போறதுன்னுதான் எனக்குத் தெரியல.”

அண்ணி அழுது நான் பார்த்தது அன்றுதான். ஓசையே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அமில நெடிக்கு ஒரு தும்மல் தும்மிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணனைப் பார்த்தாலே நாக்கு துடிக்கும். படியில் எதிரே வருவான். “என்ன பட்டாசு, ரெண்டு நாளா நமுத்துப்போயிருக்க?” என்பான். “தொண்டை வலி” என்பேன். “உனக்கா!” என்று சிரிப்பான், சிரிப்பு பாதியில் அறுந்துவிடும். அவனும் சரியாகத் தூங்கவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. ஒருநாள் பைக் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தான். பெட்டியைத் திறந்தான், மூடினான். ஜன்னல் வழியே பார்த்த எனக்கு ‘டேய், சொல்லித் தொலையேன்டா!’ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சொந்த அண்ணனை வாடா போடா என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டேன், பாருங்கள்.

அண்ணியிடம் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அவனுக்குச் சட்டை தேய்த்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். உலையைப் பற்றி அவன் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு தடவை எனக்குப் பொறுக்காமல், “உங்களுக்கு எப்படி அண்ணி முடியுது?” என்று காதில் கேட்டேன். “முடியல” என்றார், அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு அண்ணன், அவனுடைய நான்கு ஆட்கள், அண்ணி, நான், மேலாளர். ஜன்னல் பக்கம் வெயில் சுள்ளென்று அடித்தது. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கழுவும் பிரிவில் குறை இல்லை என்று தெரிந்துவிட்டது. அளவும் சரி. ஆக, உலைதான் காரணம். குழாய் வயசாகிவிட்டது, உள்ளிருந்தே ஏதோ கசிகிறது, வேறு வழி இல்லை. “மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. உலையைக் கழட்டிடலாம்னு மேலிடத்துக்குச் சொல்லிடுறேன்” என்றார்.

நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில் ஒருவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்திருக்கப் போகிறார்.

“குழாய்ல தப்பில்ல சார்.”

அண்ணன்தான்.

“தண்டு கத்திக்கிட்டே இருந்துச்சு. நான் வெளியிலேருந்து கிரீஸ் கொண்டுவந்து போட்டேன். பைக்குக்குப் போடுறது. லித்தியம் அதுலேருந்துதான் போகுது. மேடம் லித்தியம்னு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, இவங்க பேர்ல எதுவும் எழுதிடாதீங்க” என்று நான்கு பேரையும் காட்டினான்.

மேலாளர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, “வெளியிலேருந்து எதுவும் கொண்டுவரக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவரே நீங்கதானே?” என்றார்.

“தெரியும் சார்.”

“சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும்னு விடவேண்டியதுதானே? யாராவது புகார் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல சார். எனக்கே காது வலிச்சுது.”

பொய். பட்டப்பகலில், முகத்தைப் பார்த்துப் பொய். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு பொய்யில் போன இடம் தெரியவில்லை.

“நான் சொன்னேன் சார்” என்றார் அண்ணி. உட்கார்ந்தபடியேதான் சொன்னார். “என் அளவு கெடுதுன்னு அவர்கிட்ட நான்தான் சொன்னேன். வீட்டுல சொன்னேன். இங்க எழுத்துல கொடுத்திருக்கணும், கொடுக்கல. அது என் தப்பு.”

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தான். அவர் மேலாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலை பிழைத்தது. குழாயையும் தண்டையும் மாற்றி, வாரக்கணக்கில் வெறும் சூட்டில் ஓடவிட்டுச் சுத்தம் பண்ணினார்கள். அதற்குப் பிறகு வந்த தொகுப்பில் அந்த மேடு இல்லை. ஹீலியம் குளிரிலிருந்து அளந்தும் இல்லை. சில்லுகள் போய்க்கொண்டிருக்கின்றன. அண்ணன் தலைமை ஆளாக இல்லை. கையைப் பிசைந்துகொண்டிருந்தாரே, அவர்தான் இப்போது தலைமை. அண்ணன் அவருக்குக் கீழே வேலை செய்கிறான். அவர் இவனை இன்னும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார், இவன் அவரைச் ‘சார்’ என்கிறான், இரண்டு பேருக்கும் வெட்கமாக இருக்கிறது. பழகிவிடும். அண்ணிக்கும் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். பேசாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் சொல்ல நினைத்தது கூட்டம் முடிந்த அன்று சாயங்காலத்தை. மூன்று பேரும் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். பைக்கைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டான். அவர்கள் முன்னால், நான் நான்கு தப்படி பின்னால். காதை மட்டும் முன்னால் அனுப்பியிருந்தேன். சலவைக் கடையைத் தாண்டியதும் அண்ணன் கேட்டான்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“லித்தியம் இருக்கான்னு கேட்டேனே, அன்னியிலேருந்து.”

அண்ணன் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

“எனக்காகத்தான் போட்டார்னு நீ நினைச்சு நொந்துபோவியேன்னுதான் வாயைத் திறக்கல” என்றான். “உன்னை அதுல இழுக்க வேணாம்னு பார்த்தேன்.”

“நொந்துதான் போனேன். தனியா.”

அவன் மறுபடி நடக்க ஆரம்பித்தான். கொஞ்சம் பொறுத்து, “நான் சொல்லாம விட்டிருந்தா?” என்றான்.

“நான் சொல்லியிருப்பேன்.”

“அப்புறம்?”

அண்ணி யோசித்தார். அன்று கழுவும் பிரிவில் நின்று தெரியவில்லை என்று சொன்னாரே, அதற்கு இப்போது அவரிடம் பதில் இருந்தது.

“சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சாப்பாடு போட்டிருப்பேன். சட்டை தேய்ச்சு வச்சிருப்பேன். எல்லாம் செஞ்சிருப்பேன். உங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டேன். அவ்வளவுதான்.”

நடுத்தெருவில் என் அண்ணன் அழுதான். ஆம்பிளை அழுகிறானே என்று நாலு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? அண்ணி அவன் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து நிறுத்தினார். அவன் முடிக்கிற வரைக்கும் பேசாமல் நின்றார். அவசரப்படுத்தவில்லை. பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பசிக்குதுங்க எனக்கு. வாங்க, போய்ச் சாப்பிடலாம்.”